நின்றிருந்த வண்டியில் இடித்துவிட்டார்களா? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காளவாசல் சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நிற்கிறீர்கள். பின்னால் வந்த வேன் உங்கள் பம்பரில் வந்து இடிக்கிறது. நின்ற வண்டியை இடித்தவர் மேல்தான் தப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது என்று தோன்றும். எங்கள் குடும்பக் காருக்கு இது நடந்தபோது, ரோட்டில் கையெடுத்துக் கும்பிட்ட அதே டிரைவர் காவல் நிலையத்தில் “அவங்கதான் சார் ரிவர்ஸ்ல வந்தாங்க” என்றார். அதன்பிறகு நாங்கள் அலைந்த அலைச்சலில் ஒன்று விளங்கியது. நின்றிருந்தோம் என்பது மட்டும் போதாது. எங்கே நின்றோம், ஏன் நின்றோம், எப்படி நின்றோம் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அதைக் காட்டக்கூடிய சாட்சியம் முதல் ஒரு மணி நேரத்தில்தான் கிடைக்கும். கார், பைக், ஸ்கூட்டர் எதுவாக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் ஆள், அப்புறம் வண்டி

இஞ்சினை அணையுங்கள், நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள், உள்ளே இருப்பவர்களைப் பாருங்கள். அடி என்றால் 108. கப்பலூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் என்றால், அதற்கான உதவி எண் 1033 இருக்கிறது.

பின்னாலிருந்து இடிபட்டவர்களுக்குக் கழுத்து வலி பெரும்பாலும் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலையில்தான் பிடிக்கும். அதனால் லேசாக வலித்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், இது சாலை விபத்து என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்தக் குறிப்பைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது முதலில் கேட்கப்படும் தாள் அதுதான். வீட்டில் தைலம் தேய்த்துவிட்டு நான்கு நாள் கழித்துப் போனால், அந்த வலி இந்த விபத்தால் வந்தது என்று நிறுவுவது பெரும்பாடு.

செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டத்தில் 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி உண்டு.

2. வண்டியை நகர்த்தும் முன் படம் எடுங்கள்

பின்னால் நிற்கும் டவுன் பஸ் ஹார்ன் அடிக்கும். ஆட்டோக்காரர் “ஓரமாப் போட்டுப் பேசுங்கண்ணே” என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய காயமோ உயிரிழப்போ என்றால் போலீஸ் வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது. வெறும் சேதம் என்றால் படம் எடுத்த கையோடு ஓரம்கட்டிவிடலாம்.

எல்லோரும் நசுங்கிய இடத்தை மட்டும் நெருக்கத்தில் பத்துப் படம் எடுப்பார்கள். அதில் பம்பர் உடைந்தது தெரியும், நீங்கள் நின்றிருந்தது தெரியாது. எடுக்க வேண்டியவை வேறு.

தள்ளி நின்று, இரண்டு வண்டிகளும் அவற்றின் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் வரும்படி ஒன்று. சிக்னல் கம்பமும் நிறுத்தக் கோடும் உங்கள் வண்டியின் முன்சக்கரமும் சேர்ந்து வரும்படி ஒன்று. உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டிகளின் வரிசையும் இடையில் உள்ள இடைவெளியும் தெரியும்படி ஒன்று. முன்னால் வரிசை நின்றிருந்தால் நீங்களும் நின்றுதான் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. உள்ளே போய் கியர் எந்த நிலையில் இருக்கிறது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்பதையும் எடுங்கள். இடித்தவருடைய வண்டி பிரேக் பிடித்த டயர் தடம் ரோட்டில் இருந்தால் அதையும் விடாதீர்கள். கடைசியாக, சுற்றிலும் திரும்பி ஒரு வீடியோ. அதில் கடைப் பெயர்ப் பலகைகள் வரட்டும்.

பிரேக் விளக்கை மறக்காதீர்கள். விளக்கே எரியவில்லை என்பதுதான் இடித்தவர்கள் அதிகம் சொல்லும் காரணம். உடையாமல் இருந்தால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி, எரிவதை அங்கேயே வீடியோ எடுங்கள்.

அடுத்து கேமரா. கடைகளின் சிசிடிவி பெட்டியில் பழைய பதிவு தானாகவே அழிந்து புதியது ஏறிக்கொண்டிருக்கும். சில கடைகளில் வாரக்கணக்கில் இருக்கும், சில இடங்களில் சில நாள்கூடத் தங்காது. அன்றே போய், நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் தர யோசித்தால், போலீஸ் கேட்டால் தருவதற்காவது அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பார்த்தவர்கள் ஓரிருவரின் பெயரும் போன் நம்பரும் வாங்கி வையுங்கள். பூக்கடை அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன் என்று அதே இடத்தில் தினமும் இருப்பவர்கள்தான் நல்ல சாட்சி. வழிப்போக்கர்களை அப்புறம் பிடிக்க முடியாது.

இடித்தவரிடமிருந்து வாங்க வேண்டியவை: லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றின் படம், போன் நம்பர். காட்ட மறுத்தால் சண்டை வேண்டாம். வண்டி நம்பரை மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் அது எதுவரை செல்லும் என்பதும் தெரிந்துவிடும். காலாவதி என்று வந்தால் அந்தத் திரையையும் படமாக்கி வையுங்கள்.

3. ரோட்டோரப் பேச்சு

நம் ஊரில் கூட்டம் கூடி, பெரியவர் ஒருவர் பஞ்சாயத்துப் பண்ணி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். கீறல் மட்டும்தான், யாருக்கும் அடியில்லை என்றால் அப்படி முடிப்பதில் தவறே இல்லை. ஆனால் பட்டறைக்காரருக்குப் போட்டோ அனுப்பி விலை கேட்காமல் தொகை பேசாதீர்கள். பம்பருக்குப் பின்னால் உள்ள கம்பியும் டிக்கிக் கதவின் பூட்டும் வளைந்திருப்பது வெளியே தெரியாது.

“நாளைக்கு ஜிபே பண்றேன்” என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். பணம் வந்த பிறகு கிளம்புங்கள், அல்லது அவர் கைப்பட எழுதி வாங்குங்கள்: தேதி, நேரம், இடம், ‘நின்றிருந்த வண்டியின் பின்னால் என் வண்டி மோதியது’ என்ற ஒரு வரி, தொகை, கையெழுத்து. அவர் நீட்டும் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருந்தால், உடம்பில் வலி உள்ளவர்கள் கையெழுத்துப் போடவே கூடாது.

4. தப்பு யார் மேல்?

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள்தான் இப்போது நடைமுறையில் உள்ள சாலை விதி. முன்னால் போகும் வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமல் நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை என்கிறது அது. அதனால் ‘திடீர்னு பிரேக் போட்டுட்டாங்க’ என்பது மட்டும் அவருக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. சிக்னல், வரிசை, குறுக்கே வந்த மாடு, கடக்கும் பாட்டி என்று காரணத்தோடு நின்றவர் பக்கம்தான் விதி நிற்கிறது.

ஆனால் அதே விதி, பாதுகாப்புக் காரணம் இல்லாமல் சடாரென்று பிரேக் போடக்கூடாது என்றும் சொல்கிறது. இங்கேதான் பலருக்கு அடி விழுகிறது. கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் சைகை எதுவும் காட்டாமல் திடீரென்று நின்றது ஒரு கார். பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுந்தார், அவர் மேல் பஸ் ஏறியது, காலை இழந்தார். நின்ற காரின் மேல் 50 சதவீதம், பஸ் மேல் 30, இடைவெளி விடாத மாணவர் மேல் 20 என்று பொறுப்பைப் பிரித்தது நீதிமன்றம். இடித்தது பைக், ஆனாலும் பெரும்பங்கு நின்ற கார் மேல். உத்தங்குடியிலிருந்து கப்பலூர் போகும் ரிங் ரோட்டில், போன் வந்தது என்று வண்டிகள் ஓடும் பாதையிலேயே நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஓரமாக நிறுத்திய வண்டிக்கும் இதே நியாயம்தான். வளைவு, பாலம், பஸ் நிறுத்தம், பாதசாரிகள் கடக்கும் கோடு போன்ற இடங்களில் நிறுத்தினால் உங்கள் மேலும் பங்கு வரும். மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விடுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 122 தடுக்கிறது. இரவில் விளக்கோ எச்சரிக்கையோ இல்லாமல் நடுரோட்டில் நின்ற டேங்கர் லாரியில் ஒரு கார் மோதிய வழக்கில், காரை ஓட்டியவர் மேல் தப்பே இல்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டைச் சுற்றியும் மேலூர் ரோட்டிலும் அதிகாலையில் லாரிகள் எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும். உங்கள் வண்டி வழியில் நின்றுபோனால் இண்டிகேட்டர் போட்டு, டிக்கியில் கிடக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுத்துப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, அதையும் படம் எடுங்கள்.

இன்னும் சில நிலைமைகள். பாலச் சரிவில் முன்னால் நின்ற வண்டி பின்னால் உருண்டு வந்து உங்களை இடித்தால் தப்பு அவருடையது. ஆனால் சேதத்தைப் பார்த்தால் நீங்கள் இடித்த மாதிரியே இருக்கும். கேமரா இல்லாமல் இதை நிரூபிப்பது மிகவும் கடினம். டேஷ்கேம் (வண்டிக்குள் பொருத்தும் கேமரா) வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்குங்கள் என்பதுதான். மூன்று வண்டிகள் வரிசையாக இடித்துக்கொண்டால், கடைசி வண்டி தள்ளியதால்தான் நடு வண்டி முன்னால் மோதியதா, அல்லது நடு வண்டி முதலில் மோதி அதன்பின் இடிபட்டதா என்பதே கேள்வி. நீங்கள் நடுவில் இருந்தால், எத்தனை முறை இடி உணர்ந்தார் என்று முன்வண்டிக்காரரிடம் அங்கேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு இடி என்றால் தள்ளியவர்தான் பொறுப்பு. நின்ற காரின் கதவைப் பார்க்காமல் திறந்து பைக்காரர் விழுந்தால், திறந்தவர் பக்கமே தப்பு. நின்ற வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டியது நீங்கள்தான். அந்த நொடியில் இடிபட்டால் ‘நின்ற வண்டி’ என்ற பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

5. காவல் நிலையம்

மாநகர எல்லைக்குள் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி பக்கம் என்றால் அந்தந்தக் காவல் நிலையம். எது என்று தெரியாவிட்டால் 100க்கு அடித்து இடத்தைச் சொன்னால் போதும். யாருக்காவது காயம் என்றாலோ, பிறர் சொத்துக்குச் சேதம் என்றாலோ 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 134. இது ஓட்டுநரின் கடமை, ஆக இடித்தவருக்கும் உண்டு. அவர் போகிறாரா என்று பார்த்துக்கொண்டு நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

புகாரை வீட்டிலேயே எழுதி இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். அங்கே போய்ச் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினால், ‘இரண்டு வாகனங்களும் மோதிக்கொண்டன’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரியில் நீங்கள் நின்றிருந்தது காணாமல் போகும். இப்படி எழுதுங்கள்: ‘சிவப்பு விளக்கு எரிந்ததால், எனக்கு முன் இரண்டு வாகனங்கள் நின்றிருக்க, நானும் பிரேக் பிடித்து நின்றிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் வந்த இன்ன எண்ணுள்ள வாகனம், நின்றிருந்த என் வாகனத்தின் பின்புறத்தில் மோதியது.’ நின்ற காரணம், நின்ற நிலை, மோதிய இடம் மூன்றும் இருக்க வேண்டும். கோபத்தில் ‘குடித்திருந்தார்’, ‘நூறில் வந்தார்’ என்று கண்ணால் பார்க்காததைச் சேர்த்தால் மொத்தப் புகாரும் பலவீனமாகிவிடும்.

வண்டிச் சேதம் மட்டும் என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டோடு, நிற்கும். சொந்த இன்சூரன்ஸில் சிறிய கிளைமுக்கு அதுவே போதுமானதாக இருக்கும். காயம் இருந்தாலோ, இடித்தவரின் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கப் போவதானாலோ எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும் என்று கேளுங்கள். அதன் பிரதி புகார்தாரருக்கு இலவசம். பின்னால் தேவைப்படும் விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் கட்டணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம்.

எஃப்.ஐ.ஆர். போட்டால் வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும்வரை நிலையத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அவர் அறிக்கை வருமுன் ரிப்பேர் செய்யாதீர்கள். வண்டியை எடுக்கப் போகும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் அசலும் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. கிளைம் போடலாமா, கைக்காசு போடலாமா?

தப்பு அவர் மேல் இருந்தாலும், வண்டியைச் சீக்கிரம் சரிசெய்ய நடைமுறையில் வேகமான வழி உங்கள் சொந்த பாலிசிதான். அது முழு இன்சூரன்ஸாக இருக்க வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி (பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமானது) மட்டும் என்றால் நேரே 7க்குப் போங்கள். கம்பெனிக்கு அன்றே போன் அடித்து கிளைம் நம்பர் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் ஒரு திருகைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கிளைம் படிவம், ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி, ரிப்பேர் மதிப்பீடு, சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர்., வங்கி விவரம் இவை தேவைப்படும்.

இனி கணக்கு. பின்னால் இடிபட்டால் உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக். பம்பர், டெயில் லேம்ப் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து ஏறும். அதற்கும் மேல், நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு என்று 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000.

ஓர் உதாரணம். பம்பர் 6000, லேம்ப் 4000, பெயிண்டிங் 4000, கூலி 2000, மொத்தம் 16,000 என்று வைத்துக்கொள்வோம். பம்பருக்கு 3000, லேம்புக்கு 2000. பெயிண்டிங்கில் கால் பங்கைப் பொருள்விலையாக எடுத்து அதில் பாதி கழிப்பதால் 3500. கூலி 2000. ஆக 10,500, அதில் 1000 கழித்தால் கைக்கு 9500.

இப்போது போனஸைப் பாருங்கள். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்குத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் சுழியத்துக்கு வந்துவிடும். நீங்கள் 25இல் இருந்து, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்றால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் இழக்கும் தள்ளுபடி 3500, 2500, 2500, 1500, 500 என்று மொத்தம் 10,500 ரூபாய். வண்டி பழசாகப் பிரீமியம் இறங்குவதால் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் 9500க்காக கிளைம் போடுவதில் மிச்சம் எதுவும் நிற்காது. தேய்மானம் கழிக்காத பாலிசியோ, போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்போ எடுத்திருந்தால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். ஷோரூமில் ‘கிளைம்ல போட்டுக்கலாம் சார்’ என்று எளிதாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

7. இடித்தவரின் கம்பெனியிடம் கேட்பது

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம் என்பதே இதற்காகத்தான். ஆனால் அவருடைய கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய்ப் பில்லை நீட்டினால் பணம் தரமாட்டார்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்தரப்பினர் இருக்கும் இடம் ஆகியவற்றில் எந்த எல்லையில் உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். சிவகங்கையில் இடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம்.

பிரிவு 166இல் எழுதியுள்ளபடி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போக வேண்டும். ரிப்பேர், பிசியோதெரபி என்று நாள் ஓடிவிடும், அதனால் மூன்றாம் மாதத்திலேயே வக்கீலைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை, ஏ.ஆர். காப்பி, மருத்துவ பில்களின் அசல், சம்பளச் சான்று, ரிப்பேர் பில், படங்கள், ஆதார், ஆர்.சி., பாலிசி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மருந்துக்கடைத் துண்டுச் சீட்டின் மை சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே நகல் எடுங்கள்.

காயம் இல்லாமல் வண்டிச் சேதம் மட்டும் என்றாலும் தீர்ப்பாயம் போக உரிமை உண்டு. பிறர் சொத்துச் சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில் வழக்கமான வரம்பு 7.5 லட்சம், இரு சக்கர வண்டிக்கு 1 லட்சம். ஆனால் பத்துப் பதினைந்தாயிரத்துக்கு வக்கீல் கட்டணமும் காலமும் கட்டாது. அந்த அளவுக்கு, உங்கள் கம்பெனி கழித்த தொகையை மட்டும் கணக்குப் போட்டு, வண்டி உரிமையாளருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பேசுவதே நல்லது. கம்பெனி கொடுத்த பகுதியை அவரிடமும் சேர்த்துக் கேட்கக்கூடாது. மனு போட்டபின் சமரசத்துக்கு வாய்ப்பு வந்தால், லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தை ஒதுக்காதீர்கள். அங்கே கட்டணம் இல்லை, ஆண்டுக்கணக்கில் இழுக்காது. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் சிகிச்சை முழுதாக முடிந்த பிறகு உட்காருங்கள்.

8. உங்கள் கம்பெனி இழுத்தடித்தால்

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை, எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இந்த இரண்டும் உங்கள் சொந்த பாலிசிக்குத்தான். இடித்தவரின் கம்பெனி மேல் இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குத் தீர்ப்பாயம் மட்டுமே.